கான்டாக்ட் லென்ஸ் 1888-லேயே வந்துவிட்டது; கண் அதை ஏற்க ஏன் இத்தனை காலம் ஆனது?

கேள்வி இது: "கான்டாக்ட் லென்ஸைக் கண்டுபிடித்தவர் லியோனார்டோ டா வின்சி என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது. 1888 என்று இன்னோரிடத்தில், 1971 என்று வேறோரிடத்தில். எது சரி? 1888-லேயே வந்திருந்தால் நம் தாத்தா காலத்தில் ஏன் யாரும் போடவில்லை?"

டா வின்சியை விட்டுவிடலாம். அவரை ஏன் விடலாம் என்று பிறகு சொல்கிறேன். மற்ற இரண்டு ஆண்டுகளும் சரிதான். 1888-ல் பார்வையைத் திருத்தும் லென்ஸ் முதன்முதலாக மனிதக் கண்ணின் மேல் வைக்கப்பட்டது. 1971-ல் சாஃப்ட் லென்ஸை விற்க அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நடுவில் 83 ஆண்டுகள் எங்கே போயின என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம்.

கண்ணின் கருப்புப் பகுதிக்கு மேலே வாட்ச் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் ஒளிபுகும் சவ்வுதான் கார்னியா. ஆஸ்பத்திரிகளில் கருவிழி என்பார்கள். குறுக்களவு 11.5 முதல் 12 மி.மீ., நடுவில் தடிமன் அரை மி.மீ.க்குச் சற்று மேல். ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதால் அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. ரத்தம் வராத இடத்துக்கு ஆக்சிஜன் எப்படி வரும்? முன்பக்கத்துக்கு வேண்டியதைக் காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலம் வழியாக நேரடியாக வாங்கிக்கொள்கிறது. இதைச் சோதனை செய்து உறுதியாகக் காட்டியது 1952-ல்தான். அதுவரை லென்ஸ் செய்தவர்கள், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் மூடி போடுகிறோம் என்று அறியாமலேயே மூடியை அழகாக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மொத்த வரலாறும் ஒரே கதையாகப் படிக்கக் கிடைக்கும்.

இனி டா வின்சி. 1508 வாக்கில் அவர் எழுதிய குறிப்புகளில், தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் முகத்தை அமிழ்த்திப் பார்ப்பது பற்றி ஒரு படம் இருக்கிறது. கண் எப்படி வேலை செய்கிறது என்று அவர் ஆராய்ந்தார். பார்வையைத் திருத்துவது அவர் நோக்கமே அல்ல. பிரெஞ்சுத் தத்துவஞானி தேகார்த் 1637-ல் ஒரு படி முன்னே போய், தண்ணீர் நிரப்பிய குழாயைக் கண்ணோடு சேர்த்து வைப்பதை எழுதினார். குழாய் கண்ணில் நிற்கும்போது இமைக்க முடியாதே! அதோடு அந்த யோசனை முடிந்தது.

உண்மையில் கை வைத்துச் செய்தவர் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங். 1801-ல் சிறிய மைக்ராஸ்கோப்பிலிருந்து ஒரு லென்ஸைக் கழற்றினார். அது ஓர் அங்குலத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஆழமுள்ள சிமிழில் பதிந்திருந்தது. ஓரத்தை மெழுகால் அடைத்து, முக்கால் பங்கு தண்ணீர் விட்டுக் கண்ணில் பொருத்திப் பார்த்தார். தண்ணீர் தொட்டதும் கார்னியாவின் ஒளிவளைக்கும் சக்தி ஏறக்குறைய காணாமல் போனது. ஆனால் கிட்டத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் திறன் அப்படியே இருந்தது. ஆக, ஃபோகஸ் மாற்றுவது கார்னியா அல்ல, உள்ளே இருக்கும் லென்ஸ்தான் என்று நிரூபித்தார். அவர் தேடியதும் அதைத்தான். போகிறபோக்கில் கான்டாக்ட் லென்ஸின் அடிப்படையையும் காட்டிவிட்டார்: கார்னியா கரடுமுரடாக இருந்தாலும், அதன் முன்னே திரவம் நின்றால் கரடுமுரடு மறைந்துவிடும். காரணம் எளிது. கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376, கண்ணீருடையது 1.336. இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால் மேடுபள்ளத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு ஒளிக்குத் தெரியாமலே போய்விடும். கார்னியா கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்கு மூக்குக்கண்ணாடி உதவாதபோதும் விறைப்பான லென்ஸ் உதவுவது இதனால்தான். 1827-ல் ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இதையே எழுத்தில் வைத்தார்: சீரற்ற கார்னியாவின் மேல் விலங்குக் கூழ் நிரப்பிய கண்ணாடி மூடியை வைக்கலாம், அல்லது கார்னியாவின் அச்சையே எடுத்து லென்ஸ் செய்யலாம் என்று. செய்து பார்க்கவில்லை. கண்ணை மரக்கச் செய்யும் மருந்து அன்று கிடையாது. கோகெய்ன் சொட்டு கண் மருத்துவத்துக்கு வந்ததே 1884-ல்தான்.

கோகெய்ன் வந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு இடங்களில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் லென்ஸ் முளைத்தது. 1887-ல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் செயற்கைக் கண் செய்யும் முல்லர் குடும்பம், புற்றுநோயால் இமையின் பகுதியை இழந்த ஒருவருக்கு மெல்லிய கண்ணாடிச் சிமிழ் ஊதிக் கொடுத்தது. பவர் இல்லாத வெறும் காப்புதான். அவர் அதைச் சுமார் இருபது ஆண்டுகள் போட்டிருந்தார். 1888-ல் சூரிச்சில் அடோல்ஃப் யூஜின் ஃபிக், அதே ஆண்டு பாரிஸில் யூஜின் கால்ட், 1889-ல் கீல் நகரில் ஆகஸ்ட் முல்லர். கடைசியாகச் சொன்னவர் மருத்துவ மாணவர். தன் மைனஸ் 14 கிட்டப்பார்வைக்கு லென்ஸ் செய்து, அதையே பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். கோகெய்ன் விட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்.

நான்கு பேரில் ஃபிக்கிடம்தான் நிற்க வேண்டும். 'கான்டாக்ட்' என்ற பெயரே அவர் கட்டுரைத் தலைப்பிலிருந்து வந்தது. முயல்களின் கண்ணில் அச்செடுத்துச் சிமிழ் செய்து போட்டுப் பார்த்தார். பிறகு இறந்தவர்களின் கண்களில் அச்செடுத்தார், தன் கண்ணில் போட்டுக்கொண்டார், அதன்பின் நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஒளியியல் லென்ஸைக் கடைந்து கொடுக்க ஜேனாவில் ஒளியியல் கருவிகள் செய்யும் சைஸ் (Zeiss) நிறுவனத்தின் எர்ன்ஸ்ட் அபே உதவினார். லென்ஸ் கார்னியாவைத் தொடாது. கண்ணின் வெள்ளையில் உட்கார்ந்து, கார்னியாவின் மேல் கூரை மாதிரி நிற்கும். நடுவில் இருக்கும் இடைவெளியில் திராட்சைச் சர்க்கரை (குளுக்கோஸ்) கரைசல். சில மணி நேரத்தில் பார்வை மங்கியது; விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் வளையம் தெரிந்தது. கழற்றினால் தெளிந்துவிட்டது. ஃபிக் இதைக் கவனித்து எழுதியும் வைத்தார். திரவம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். அடுத்த அறுபது ஆண்டுகள் எல்லோரும் அப்படியேதான் நினைத்து, உப்பின் அளவையும் காரத்தன்மையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், விடை அவர் வீட்டிலேயே இருந்தது. அவருடைய சித்தப்பாவும் ஓர் அடோல்ஃப் ஃபிக்தான். புகழ்பெற்ற உடலியல் அறிஞர். ஒரு பொருள் இன்னொன்றுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற விதியை 1855-ல் வெளியிட்டவர். இன்று ஒரு லென்ஸ் எவ்வளவு ஆக்சிஜனை உள்ளே விடும் என்று கணக்கிடுவது அந்த விதியை வைத்துத்தான்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் கண்ணாடியோடு போராட்டம். சைஸ் கடைந்து தந்த லென்ஸில் பவர் துல்லியம், ஆனால் உருண்டையான அச்சு யார் கண்ணுக்கும் சரியாகப் பொருந்தாது. முல்லர் குடும்பம் ஊதிய லென்ஸ் உறுத்தாமல் உட்காரும், ஆனால் பவர் என்னவாக வரும் என்று ஊதுகிறவருக்கே தெரியாது. 1929 வாக்கில் புடாபெஸ்டில் யோசஃப் டாலோஷ், இறந்தவர் கண்ணை விட்டு உயிருள்ள கண்ணிலேயே அச்செடுக்கத் தொடங்கினார். பொருத்தத்தில் அது பெரிய தாவல். ஆனாலும் பார்வை மங்குவது போகவில்லை. ஏன் போகும்? பொருத்தம் இறுக இறுக மூடியும் அல்லவா இறுகுகிறது.

பிளாஸ்டிக் 1936-ல் வந்தது. அந்த ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் ஃபைன்ப்ளூம் நடுவில் கண்ணாடியும் ஓரத்தில் பிளாஸ்டிக்கும் வைத்து லென்ஸ் செய்தார். அடுத்து முழுதும் பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக்கில் செய்தார்கள்; அமெரிக்காவில் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரில் விற்ற அதே பொருள். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, உடையாது, கடைசல் இயந்திரத்தில் நினைத்தபடி செதுக்கலாம். கண் இதை எதிர்ப்பதும் இல்லை. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி, கண்புரை எடுத்த கண்ணுக்குள் இதே பிளாஸ்டிக்கை வைத்தார். மதுரையில் ஆரோலேப் 1992 முதல் குறைந்த விலைக்குச் செய்து வரும் உள்விழி லென்ஸ்கள் அந்த வழியில் வந்தவைதான். கண்ணுக்கு உள்ளே வைக்க இது அருமையான பொருள், அங்கே ஆக்சிஜனை மறிக்கும் வேலை அதற்கு இல்லை. கண்ணுக்கு மேலே வைத்தால் கதை வேறு, ஏனென்றால் பி.எம்.எம்.ஏ. வழியாக ஆக்சிஜன் போவது கிட்டத்தட்டப் பூஜ்யம்.

லாஸ் ஏஞ்சலிஸில் கெவின் டூஹி 1948-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த லென்ஸ் இந்தச் சிக்கலைத் தெரியாத்தனமாகவே பாதி தீர்த்தது. பெரிய லென்ஸைக் கடையும்போது ஓரம் உடைந்து நடுச்சில்லு மட்டும் தனியே வந்ததாகவும், அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது நின்றதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, லென்ஸ் சின்னதானது. கண்ணின் வெள்ளையைத் தொடாமல் கார்னியாவின் மேலேயே கண்ணீரில் மிதந்தது. சுமார் 11 மி.மீ. அகலம், 0.4 மி.மீ. தடிமன். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் லென்ஸ் ஏறி இறங்கும். அடியில் இருக்கும் கண்ணீரில் பத்து முதல் இருபது சதவீதம் மாறும். புதுக் கண்ணீரோடு கொஞ்சம் ஆக்சிஜனும் வரும். பிளாஸ்டிக் ஊடாக வராதது ஓரம் வழியாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டூஹியின் லென்ஸுக்கு உள்வளைவு ஒன்றே ஒன்று. கார்னியாவோ நடுவில் செங்குத்தாகவும் ஓரத்துக்குப் போகப்போகத் தட்டையாகவும் இருக்கும். ஒரே வளைவு இரண்டுக்கும் ஒத்துவராது. அதனால் வேண்டுமென்றே தட்டையாகப் பொருத்தினார்கள். நடுவில் அழுத்தியது, கார்னியாவின் வடிவமே நெளிந்தது. ஜார்ஜ் பட்டர்ஃபீல்டு ஓரத்தில் தட்டையான படிகளைச் சேர்த்தார். 1950-களின் நடுவில் அளவு 9.5 மி.மீ.க்கும் தடிமன் 0.2 மி.மீ.க்கும் இறங்கியது. கிட்டத்தட்ட இன்றைய ஹார்டு லென்ஸின் வடிவம் அதுதான்.

பொருத்தத்தைச் சரிபார்க்கும் முறையும் அன்றிலிருந்து மாறவில்லை. கார்னியாவின் வளைவை இரண்டு திசைகளில் ஆரமாக அளக்கிறார்கள், 7.80 மி.மீ.யும் 7.65 மி.மீ.யும் வருகிறது என்று வைப்போம்; எண் பெரிதானால் வளைவு தட்டை. தட்டையானதோடு ஒட்டி 7.80 லென்ஸை வைத்து, ஃப்ளோரசின் சாயத்தை ஒரு துளி தொட்டு, நீல ஒளியில் பார்ப்பார்கள். கண்ணீர் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் கார்னியாவைத் தொடும் இடம் கருப்பாகத் தெரியும். நடுவில் பச்சைக் குளம் தேங்கினால் லென்ஸ் செங்குத்து, கழுத்தைப் பிடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். நடுவில் கருப்பு வட்டம் விழுந்தால் தட்டை, ஊஞ்சலாடும். மெல்லிய பச்சை சீராகப் பரவி, ஓரத்தில் மட்டும் அரை மி.மீ. அளவுக்குப் பளிச்சென்று வளையம் இருந்தால் சரி. ஒரு கணக்கு மறக்கக் கூடாது: லென்ஸை 0.05 மி.மீ. செங்குத்தாக்கினால் அடியில் உள்ள கண்ணீரே பிளஸ் 0.25 லென்ஸாகிவிடும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது மைனஸ் 0.25 கூட்ட வேண்டும். தட்டையாக்கினால் நேர்மாறு. புதிதாகப் படிக்கிறவர்கள் தவறுவது அதிகமும் இங்கேதான்.

இந்தச் சின்ன லென்ஸும் ஆக்சிஜன் பட்டினியை முழுக்கப் போக்கவில்லை. பழைய ஹார்டு லென்ஸ் போட்டவர்களுக்கு ஒரு பிரத்தியேகத் தொல்லை உண்டு. பகலில் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், ஒன்றும் செய்யாது. கழற்றிவிட்டுப் படுப்பார்கள். நள்ளிரவு இரண்டு மூன்று மணிக்குக் கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிச்சலோடு எழுவார்கள். ஆக்சிஜன் இல்லாமல் கார்னியாவின் மேல்தோல் செத்திருக்கும். ஆனால் அதே பட்டினி நரம்பின் உணர்ச்சியையும் மழுங்கடித்திருக்கும். லென்ஸைக் கழற்றி, உணர்ச்சி திரும்ப வந்த பிறகுதான் வலி தெரியும். "முதல் நாள் இரண்டு மூன்று மணி, பிறகு தினம் ஒரு மணி கூட்டு" என்ற அட்டவணை இதற்காக வந்தது.

1952-ல் நியூயார்க்கில் ஸ்மெல்சர், ஒசானிக்ஸ் இருவரும் லென்ஸே இல்லாமல் சோதனை செய்தார்கள். கண்ணைச் சுற்றி இறுகப் பொருந்தும் கவசத்துக்குள் ஆக்சிஜன் இல்லாத ஈரமான நைட்ரஜனைச் செலுத்தினார்கள். லென்ஸ் போட்டால் வரும் அதே மங்கல், அதே வானவில் வளையம். காற்றைத் திறந்துவிட்டால் தெளிந்தது. ஃபிக்கின் சர்க்கரைக் கரைசல் நிரபராதி என்று 64 ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் பிராகாவில் ஓட்டோ விக்டர்லே என்ற வேதியியலாளரும் அவர் மாணவர் டிரகோஸ்லாவ் லீமும், உடலுக்குள் வைக்கத் தோதான மென்மையான பிளாஸ்டிக்கைத் தேடினார்கள். கிடைத்தது பாலிஹேமா. பி.எம்.எம்.ஏ.வுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்: அதே முதுகெலும்பு, ஆனால் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் என்ற சிறு அணுக்கூட்டம். காய்ந்திருக்கும்போது கண்ணாடி மாதிரி விறைப்பு. தண்ணீரில் போட்டால் 38 சதவீதம் குடித்து, வெந்த ஜவ்வரிசி மாதிரி துவளும். 1960-ல் நேச்சர் இதழில் இருவரும் இதை வெளியிட்டார்கள்.

பொருள் கிடைத்தது, அதில் லென்ஸ் செய்வதுதான் திண்டாட்டமானது. மூடிய அச்சில் வார்த்தால் எடுக்கும்போது ஓரம் கிழிந்தது. பிசிறடித்த ஓரத்தை இமை மன்னிக்காது. ஆய்வுக்கூடத்தில் திட்டம் கைவிடப்பட, விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். மெர்குர் என்ற பிள்ளைகளின் இரும்புப் பட்டை விளையாட்டுச் சாமான், சைக்கிள் டைனமோ, அழைப்பு மணியின் டிரான்ஸ்ஃபார்மர். இவற்றைக் கொண்டு சின்ன அச்சுகளைச் சுழற்றும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். திறந்த அச்சில் திரவத்தைச் சொட்டாக விட்டுச் சுழற்றினால், தயிர் கடையும்போது நடு குழிந்து ஓரம் ஏறுமே, அந்த மாதிரி திரவம் பரவளையமாக நிற்கும். சுழலும்போதே அது கெட்டியாகிவிடும். லென்ஸின் முன்பக்கத்தை அச்சு தீர்மானிக்கிறது, கண்ணைத் தொடும் பின்பக்கத்தைச் சுழலும் வேகம் தீர்மானிக்கிறது. வேகம் கூடக்கூட நடு மெலியும், மைனஸ் பவர் கூடும். ஓரமோ திரவத்தின் மேற்பரப்பு விசையால் தானே மெல்லிசாகி வழவழப்பாக முடியும். தேய்க்க வேண்டாம், வெட்ட வேண்டாம். அன்று நான்கு லென்ஸ்கள் தேறின. டைனமோவுக்குப் பதில் கிராமபோன் மோட்டாரை மாட்டி, மனைவி லிண்டாவோடு சேர்ந்து அடுத்த சில மாதங்களில் 5,500 லென்ஸ்கள் வார்த்தார்.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. பவரை மாற்ற வேகத்தை மாற்றினால், கண்ணைத் தொடும் வளைவும் கூடவே மாறும். பொருத்தமும் பவரும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். ஆனால் மலிவு, வேகம், ஓரத்தின் நேர்த்தி மூன்றும் அந்தக் குறையை விழுங்கிவிட்டன. 1965-ல் செக்கோஸ்லோவாக் அறிவியல் கழகம் உரிமத்தை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது, அதனிடமிருந்து பாஷ் அண்டு லாம்ப் வாங்கியது. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை மருந்து வகையில் சேர்த்து நிரூபணங்கள் கேட்டதால் 1971 மார்ச் வரை இழுத்தது. விக்டர்லே, செக்கோஸ்லோவாக்கியாவில் 1968-ல் எழுந்த சீர்திருத்த இயக்கமான பிராகா வசந்தத்தை ஆதரித்ததற்காக 1970-ல் தன் நிறுவன இயக்குநர் பதவியை இழந்தார். உலகம் முழுதும் லட்சக்கணக்கான கண்களில் அவர் லென்ஸ் ஏறிய ஆண்டுகளில் அவர் ஊரில் ஓரங்கட்டப்பட்டிருந்தார்.

மென்மை வந்தது, உறுத்தல் போனது. ஆக்சிஜன்? இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொருளுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு எளிதாகப் போகும் என்பதை டிகே என்ற எண்ணால் சொல்வார்கள். அதை மி.மீ.யில் உள்ள தடிமனால் வகுத்து, மறுபடி பத்தால் வகுத்தால் லென்ஸ் உண்மையில் கடத்தும் அளவு வரும். சிட்னியில் பிரையன் ஹோல்டன், ஜார்ஜ் மெர்ட்ஸ் இருவரும் 1984-ல் தந்த எல்லை: பகலில் மட்டும் போட 24 வேண்டும், போட்டபடி தூங்க 87 வேண்டும். பாலிஹேமாவின் டிகே சுமார் 8. லென்ஸை 0.035 மி.மீ.க்கு இழைத்தால் 23. பகல் எல்லையை எட்டிப் பிடிக்கிறது, அவ்வளவே. அந்த மெலிவில் கையாளும்போதே கிழியும். சரி, தண்ணீரை இன்னும் ஏற்றினால்? சாஃப்ட் லென்ஸில் ஆக்சிஜன் போவது தண்ணீர் வழியாகத்தான், தண்ணீரின் டிகேயே 80. லென்ஸ் முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் 80-ஐத் தாண்டாது. தூங்கும்போது இமை மூடிவிடுவதால் கார்னியாவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்போது இந்த லென்ஸும் மேலே இருந்தால் என்னாகும்?

என்னாகும் என்று 1981-க்குப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டு எஃப்.டி.ஏ., 30 நாள் வரை கழற்றாமல் போடும் சாஃப்ட் லென்ஸ்களை அனுமதித்தது. 1989-ல் வந்த அமெரிக்க ஆய்வில், பகலில் மட்டும் போட்டவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 4 பேருக்குக் கார்னியாவில் கிருமிப்புண். போட்டபடி தூங்கியவர்களில் சுமார் 21 பேருக்கு. அனுமதி 7 நாளாகக் குறைந்தது.

தீர்வு சிலிக்கோனில் இருந்தது. ஆக்சிஜனைத் தாராளமாக விடும் பொருள் அது. விறைப்பான லென்ஸ்களில் இது முதலில் வெற்றி பெற்றது. அமெரிக்காவில் நார்மன் கேலார்ட் சிலிக்கோனையும் அக்ரிலேட்டையும் இணைத்து 1974-ல் பெற்ற காப்புரிமையிலிருந்து, ஆக்சிஜன் விடும் விறைப்பான இன்றைய ஆர்.ஜி.பி. லென்ஸ்கள் பிறந்தன. சாஃப்ட் லென்ஸில் சேர்க்கத்தான் இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. சிலிக்கோனுக்குத் தண்ணீர் ஆகாது. எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரியும், பிரிந்தால் லென்ஸ் பால் மாதிரி வெளுக்கும். முழுச் சிலிக்கோன் ரப்பரில் செய்தால் கண்ணோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராது, கண்ணீரின் கொழுப்பையெல்லாம் பூசிக்கொள்ளும். இரண்டு பொருளும் நுண்ணிய வலைகளாகப் பின்னிக்கொண்டு, ஒன்றில் ஆக்சிஜனும் மற்றதில் நீரும் உப்பும் போகும்படி செய்ததும், மேற்பரப்பைப் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவால் பக்குவப்படுத்தியதும்தான் வழி திறந்தது. 1999 வாக்கில் வந்த நைட் அண்டு டே லென்ஸுக்கு டிகே 140, தடிமன் 0.08. வகுத்துப் பாருங்கள்: 175. எல்லைக்கு இரண்டு மடங்கு.

ஃபிக் தொடங்கிய ஆக்சிஜன் கதை இங்கே தீர்ந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது, இனிக் கிருமிப்புண்ணும் குறையும் என்று. குறையவில்லை. 2008-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பழைய சாஃப்ட் லென்ஸோடு தூங்கியவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு 19.5, சிலிக்கோன் லென்ஸோடு தூங்கியவர்களில் 25.4. விறைப்பான லென்ஸைப் பகலில் மட்டும் போட்டவர்களில் 1.2. மங்கல், சிவப்பு, ஓரத்தில் ரத்தக் குழாய் முளைப்பது எல்லாம் ஆக்சிஜன் குறைவால் வருபவை, அவை போயின. கிருமியோ இமை மூடியிருக்கும் வெதுவெதுப்பிலும், லென்ஸுக்கு அடியில் தேங்கும் கண்ணீரிலும் வளர்கிறது. சாஃப்ட் லென்ஸுக்கு அடியில் ஒரு இமைப்புக்கு ஒரு சதவீதக் கண்ணீர்தான் மாறும். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் போட்டபடி தூங்காதீர்கள் என்று நான் சொல்வது இந்த எண்களை வைத்துத்தான்.

சுத்தம் செய்வதற்கும் தனி வரலாறு உண்டு, அது அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. சாஃப்ட் லென்ஸ் எதையும் உறிஞ்சும் என்பதால் ஹார்டு லென்ஸின் கிருமிநாசினிகள் ஒத்துவரவில்லை. சூடாக்கினார்கள், லென்ஸில் ஒட்டிய புரதம் முட்டை வெள்ளை மாதிரி வெந்து படிந்து, இமையின் உட்புறம் கொப்புளித்தது. உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே கரைசல் தயாரித்தார்கள். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி கண்ணுக்கு ஏறியது. பிறகு பல வேலை செய்யும் ஒரே பாட்டில் வந்தது. 'தேய்க்க வேண்டாம்' என்று விளம்பரமும் வந்தது. 2006-ல் அப்படி ஒரு கரைசல் ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்றோடு தொடர்புபட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நம் ஊரில் இந்தப் பூஞ்சைப்புண் வழக்கமாக வயல் வேலையில் கண்ணில் இலை, தாள், சுணை கீறி வருவது. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வயல் பக்கமே போகாத லென்ஸ்காரர்களுக்கு வந்ததால்தான் சந்தேகம் தட்டியது.

இந்தத் தொல்லைக்கெல்லாம் குறுக்குவழி, லென்ஸையே தூக்கி எறிவது. டென்மார்க்கில் மைக்கேல் பே ஈரமாகவே வார்த்தெடுக்கும் முறையில் மலிவான லென்ஸ் செய்தார். அதை வாங்கிய ஜான்சன் அண்டு ஜான்சன் 1980-களின் இறுதியில் வார லென்ஸையும், 1990-களின் நடுவில் தின லென்ஸையும் கொண்டுவந்தது. செலவு கட்டுப்படியானால் தின லென்ஸே நல்லது, டப்பா இல்லை, கரைசல் இல்லை. மாத லென்ஸ் என்றால்: கையைச் சோப்பால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளங்கையில் வைத்துக் கரைசல் விட்டு ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள் தேய்த்து அலசுங்கள். பழைய கரைசலின் மேல் புதிதை ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீர் லென்ஸையும் டப்பாவையும் தொடவே கூடாது. டப்பாவைக் கரைசலால் கழுவிக் கவிழ்த்துக் காயவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வகை என்றால் அதற்குரிய டப்பாவில், உள்ளே இருக்கும் பிளாட்டினம் வில்லையோடு, ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும். அவசரப்பட்டு எடுத்துப் போட்டால் கண் வெந்துவிடும். வலி, சிவப்பு, வெளிச்சம் கூச்சம் மூன்றில் எது வந்தாலும் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பலரும் கேட்பது இன்னொன்று: மூக்குக்கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரையே லென்ஸுக்கும் சொல்லலாமா? பவர் 4 டயாப்டர் (பவரின் அலகு) வரை வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. அதற்கு மேல் முடியாது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே இருக்கிறது. மைனஸ் 10 கண்ணாடிக்கு லென்ஸில் மைனஸ் 9 போதும். பிளஸ் பவருக்கு இது தலைகீழ், கூட்ட வேண்டும்.

கடைசியாக, ஃபிக்கின் வடிவம் சாகவில்லை. வெள்ளையில் உட்கார்ந்து கார்னியாவைத் தொடாமல் நிற்கும் ஸ்க்ளீரல் லென்ஸை, 1983-ல் ஆஸ்திரேலியாவின் டான் எசெக்கியேல் ஆக்சிஜன் விடும் பிளாஸ்டிக்கில் மறுபடி செய்து காட்டினார். முற்றிய கெரட்டோகோனஸ், கடுமையான கண் வறட்சி இவற்றுக்கு இன்று அதுதான் கைகொடுக்கிறது. அகலம் 15 முதல் 18 மி.மீ., கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி. திரவம் நிரப்பிப் போடுவது 1888-ல் இருந்த மாதிரியேதான்: சிமிழில் பதப்பொருள் கலக்காத உப்புக் கரைசலை வழிய வழிய நிரப்பி, முகம் தரையைப் பார்க்க நன்றாகக் குனிந்து, இரண்டு இமைகளையும் விரித்துப் பிடித்து, கீழிருந்து மேலே நேராகக் கண்ணில் அழுத்த வேண்டும். நிமிர்ந்து கண்ணாடியில் பார்க்கும்போது லென்ஸுக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால் கழற்றி, மறுபடி நிரப்பி, மறுபடி குனிய வேண்டும்.